நாட்டு மரங்களுக்கு விலை உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரப்பில் நிற்கும் வாகையையும் கிணற்றடிப் பூவரசையும் என்ன செய்யலாம் என்று கேட்கிற விவசாயிகள் ஒரு பக்கம். தேக்கு விலை கட்டுப்படியாகாமல் வேறு மரம் தேடுகிற கடைசல் பட்டறைக்காரர்களும், ஓய்வு நேரத்தில் கரண்டி செதுக்கக் கிளம்பியிருக்கிற இளைஞர்களும் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, தமிழ்நாட்டு நிலவரத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

நாட்டு மரம்னு எதைச் சொல்றீங்க? தேக்கும் நாட்டு மரம்தானே?

தேக்கும் நாட்டு மரம்தான். ஆனால் அதற்குச் சந்தை தேட வேண்டியதில்லை. இந்தப் பக்கம் முழுக்க, ஊருக்குள் எல்லோருக்கும் தெரிந்தும் மரக்கடையில் பெயர் இல்லாத மரங்களைப் பற்றியது: வாகை, பூவரசு, வெட்பாலை, மஞ்சக்கடம்பு, ஆச்சா, உசிலை, நீர்மருது, இலுப்பை, நுணா, நாட்டுக் கருவேல். வேங்கைக்கு ஓரளவு பெயர் உண்டு, இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன்.

சாலையோரத் தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிலர் அதையும் வாகை என்றே விற்கிறார்கள். சீமைக்கருவேலும் வெளியிலிருந்து வந்ததுதான். அதன் கட்டை சுருங்குவது மிகக் குறைவு, நல்ல சிவப்பு. விறகாகவும் கரியாகவும் மட்டும் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அது வேறு கதை.

இதுக்கெல்லாம் உண்மையிலேயே சந்தை இருக்கா, இல்ல சும்மா ஆசை காட்டுறீங்களா?

பலகையாக அறுத்து 'நாட்டு மரம்' என்று விற்கப் போனால் சந்தை இல்லை. கதவு, நிலை, கட்டில் என்று வந்தால் தேக்கோடு போட்டி போட முடியாது. தேக்கு வளையாது, கரையான் எளிதில் தொடாது, எல்லா ஆசாரிக்கும் அதன் குணம் தெரியும். அந்த மூன்றும் சேர்ந்த மரம் வேறு கிடைப்பது அரிது.

சந்தை இருப்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கு. வாகையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எந்த ஊர்க் கடைத்தெருவிலும் 'வாகை மரச்செக்கு எண்ணெய்' என்று பலகை தொங்குகிறது. எண்ணெய் வாங்க வருபவர் மரத்தின் பெயரைக் கேட்டு வாங்குகிற அளவுக்கு அந்த மரம் ஒரு வேலையோடு ஒட்டிக்கொண்டது. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்களுக்கு ஆச்சாதான் வேண்டும். அந்த நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா. சென்னபட்டணத்துப் பொம்மைக்கு வெட்பாலை. இந்த வேலைகளில் தேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஆகவே உங்கள் மரம் எந்த வேலைக்குத் தேக்கைவிட நல்லது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத மரத்துக்கு விறகு விலைதான்.

எங்க வயல்ல ஒரு பெரிய வாகை நிக்குது. விறகு வியாபாரி டன் கணக்குல கேக்குறார். குடுத்துடலாமா?

அடிமரத்தைத் தனியாக அளக்காமல் கொடுக்காதீர்கள். விறகு எடைக்குப் போகும், வேலைமரம் கன அடிக்குப் போகும். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது நம் மரக்கடைக் கணக்கு. 4 அடிச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள அடிமரம் என்றால் 1 × 1 × 10, ஆக 10 கன அடி. உருளையின் உண்மைக் கன அளவு இதைவிட அதிகம், ஏறக்குறைய 12.7 கன அடி. நாலில் ஒரு பங்குக் கணக்கு எப்போதும் உண்மை அளவில் 78.5 விழுக்காட்டைத்தான் காட்டும். அறுக்கும்போது போகிற சேதாரத்துக்கு என்று இதை நியாயப்படுத்துவார்கள். பழகிப்போன கணக்கு என்பதால் சண்டை போட்டுப் பயனில்லை, ஆனால் தெரிந்து பேரம் பேசுங்கள்.

பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன அடிமரத்தின் எடை 360 கிலோ அளவுக்கு வரும். ஒரு டன் விறகு விலையில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்குக் கிடைக்கும். அதே கட்டைக்கு உங்கள் ஊர் மில்லில் கன அடிக்கு என்ன விலை என்று கேட்டு, பத்தால் பெருக்கிப் பாருங்கள். விலையை நான் இங்கே எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும், கணக்கு மாறாது.

இன்னொன்று: செக்கு உரல் செய்பவருக்கு நீளம் வேண்டாம், சுற்றளவு வேண்டும். சிற்ப வேலைக்காரருக்கும் அப்படியே. பெரம்பலூர் பக்கம் அரும்பாவூரிலும், சேலம் பக்கம் தம்மம்பட்டியிலும் மரச்சிற்பம் செய்கிறார்கள். இரண்டு ஊருக்குமே புவிசார் குறியீடு உண்டு, இரண்டிலும் வாகைக்கு வேலை இருக்கிறது. கிளைகளையும் கோணல்களையும் விறகுக்காரருக்கே கொடுங்கள். அவரும் பிழைக்க வேண்டும்.

எந்த மரம் எதுக்கு ஆகும்? ஒரே வரில சொல்லிடுங்க.

ஒரே வரியில் அடங்காது. வெட்பாலை வெள்ளை வெளேர் என்று தந்தம்போல இருக்கும், இழை மிக நுணுக்கம். கடைசலில் ஓடவிட்டு அரக்கு ஏற்றினால் நிறம் கலங்காமல் பிடிக்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணமும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவும் இந்த ஒரு மரத்தை நம்பித்தான் பெயர் வாங்கின. நம் கரட்டுக் காடுகளிலும் வேலிகளிலும் அதே வெட்பாலை நிற்கிறது, நாம் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைப்பதோடு விட்டுவிட்டோம்.

மஞ்சக்கடம்பு மஞ்சளாக, வழவழப்பாக வரும். சீப்பு, நூல் கண்டுக் கட்டை, அளவுகோல் என்று நுணுக்க வேலைக்குப் பழைய காலத்திலிருந்தே போன மரம். உசிலையின் சேகு, அதாவது நடுவில் முதிர்ந்த கட்டை, கருஞ்சிவப்பு, நல்ல கனம். கத்திப் பிடிக்கும் உளிப் பிடிக்கும் அருமையாக இருக்கும். நாட்டுக் கருவேல் ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போனது. இன்றைக்குக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலுக்கும், இரும்புச் சுத்தியல் காம்புக்கும் போகலாம். இலுப்பையும் வேங்கையும் கோயில் தேர் வேலைக்கு இன்னும் தேவைப்படுகின்றன, ஆனால் அந்த வேலை வருடா வருடம் வராது. நுணா நுகத்தடிக்குப் போன லேசான மரம், மஞ்சள் நிறம். சின்ன மணி, பொத்தான் மாதிரி வேலைக்குப் பாருங்கள்.

ஆச்சாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று, தண்ணீரில் போட்டால் மூழ்கும். நாதஸ்வரக்காரர்கள் புதிதாக வெட்டிய ஆச்சாவை விரும்புவதில்லை. இடிக்கிற பழைய வீடுகளின் தூண், உத்தரம் இவற்றைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள், பல பத்தாண்டு காய்ந்த கட்டை என்பதால். உங்கள் ஊரில் பழைய வீடு இடிபட்டால் இடிப்பவரிடம் கொடுப்பதற்கு முன் உத்தரத்தை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

பூவரசு வெறும் வேலி மரம்தானே? அதைப் போய் யார் வாங்குவா?

ஹவாய்த் தீவுகளில் வாங்குகிறார்கள். அங்கே அதே மரத்துக்கு 'மிலோ' என்று பெயர். மிலோ மரக் கிண்ணம் அங்கே பரிசுப்பொருள் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பசிபிக்கின் ஈஸ்டர் தீவில் சிற்பம் செதுக்கவும் பூவரசுதான். இன்னும் யாரும் முழுதாகப் படித்தறியாத ரொங்கோரொங்கோ எழுத்துப் பலகைகளில் சிலவற்றை ஆராய்ந்தபோது அவையும் பூவரசங்கட்டை என்று தெரிந்தது.

நம்மிடம் அது விலை போகாததற்குக் காரணம் மரம் இல்லை. போத்து நட்டு வேலியாக்கி, அடிக்கடி கழித்துவிடுவதால் தண்டு பருக்கவே விடுவதில்லை. சேகு ஏறாத பூவரசு வெளிறி, மதிப்பில்லாமல் கிடக்கும். நன்றாக முதிர்ந்த மரத்தின் உள்ளே பழுப்பும் சாக்லேட் நிறமுமாக ரேகை ஓடும். இழை இறுக்கம், கடைசலுக்குப் பணியும், காய்ந்தபின் நிலையாக நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவர் ஒரே ஒரு மரத்தில் தொடங்க வேண்டும் என்றால் நான் பூவரசைத்தான் சொல்வேன்.

மரத்தை வெட்ட, ஏத்திட்டுப் போக அனுமதி வேணுமா? பட்டா நிலம்தான்.

பட்டா நிலம் என்பதால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. தமிழ்நாட்டில் மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. எந்த இனத்துக்கு அனுமதிச் சீட்டு, எதற்கு விலக்கு என்பது அவ்வப்போது மாறுகிறது; மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் மரத்துக்கு 2023 டிசம்பரிலிருந்து நாடு முழுவதற்குமான இணையவழிப் போக்குவரத்துச் சீட்டு முறை வந்திருக்கிறது.

மலைப்பகுதி என்றால் 1955-இன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது, சொந்த நிலமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. தோதகத்தி (ரோஸ்வுட்), சந்தனம், செம்மரம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள். அவற்றை இந்தப் பேச்சிலேயே சேர்க்கவில்லை. சாலையோர மரமும் புறம்போக்கு மரமும் உங்களுடையவை அல்ல. புயலில் விழுந்தாலும் அரசுக்குத்தான், ஏலத்தில் எடுக்கலாம். வர்தா (2016), கஜா (2018) புயல்களில் சாய்ந்தவற்றில் எத்தனை நல்ல கட்டைகள் விறகாகப் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பச்சையிலேயே கடைஞ்சா நல்லாத்தான் வருது. ஒரு மாசத்துல வெடிச்சிடுது. மரம் மட்டமா?

மரம் மட்டமில்லை, தண்ணீர். பச்சை மரத்தில் இருக்கும் ஈரம் போகப் போகக் கட்டை சுருங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காது. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு உருளையாகக் காயவிட்டால் எங்காவது ஓரிடத்தில் பிளந்துதான் ஆக வேண்டும். அதனால் வெட்டிய அன்றே இரண்டு வெட்டுமுனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ தடித்துப் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும். பிறகு நடுப்புள்ளி எந்தத் துண்டிலும் முழுதாக மாட்டிக்கொள்ளாதபடி, அதன் வழியாகவே பிளந்து அறுங்கள்.

பலகைகளை நிழலில், ஒன்றின்மேல் ஒன்று படாமல் இடையில் ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) கொடுத்து, காற்று ஓடும்படி அடுக்குங்கள். மேலே பாரம் வையுங்கள். கூரைத் தகரத்துக்கு நேர் கீழே வைத்தால் மேல்புறம் காய்ந்து உட்புறம் பச்சையாக நின்று வெடிக்கும். கிண்ணம் செய்பவர்கள் முதலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனமாக விட்டுக் கடைந்து, காகிதப் பையில் சுற்றி வைத்துவிட்டு, அது கோணிக் காய்ந்த பிறகு மறுபடி கடைகிறார்கள். வேலை இரட்டிப்பு, ஆனால் விற்ற பொருள் திரும்பி வராது.

காய்ந்துவிட்டதா என்று அறியத் தட்டிப் பார்ப்பது, நாக்கில் வைத்துப் பார்ப்பது எல்லாம் போதாது. அடுக்கில் ஒரு துண்டைக் குறித்துவைத்து வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நிற்கும்வரை காத்திருங்கள். ஈரமானி ஒன்று வாங்குவது பட்டறைக்கு நல்ல முதலீடு. நம் கடலோர ஊர்களில் காற்றில் காய்ந்த மரம் 12 முதல் 15 விழுக்காட்டு ஈரத்தில் நின்றுவிடும். அதே பொருள் குளிரூட்டிய அலுவலகத்துக்கோ, வீட்டைச் சூடேற்றும் குளிர்நாட்டுக்கோ போனால் அங்கே இன்னும் காயும், இன்னும் சுருங்கும். சென்னையில் இறுக்கமாக இருந்த மூடி டெல்லியில் தளர்வதற்கும் இதுதான் காரணம். யாராவது என்னிடம் 'நாட்டு மரத் தொழிலில் முதல் போடணும், எதில் போடலாம்' என்று கேட்டால், மரத்தில் போடாதீர்கள், காயவைக்கிற கொட்டகையில் போடுங்கள் என்பேன். நல்ல மரம் எங்கும் இருக்கிறது, நன்றாகக் காய்ந்த நாட்டு மரத்துக்குத்தான் பஞ்சம்.

செஞ்சு வச்ச சாமான்ல இருந்து மாவு மாதிரி கொட்டுது. மருந்து அடிக்கலாமா?

வெளிறு, அதாவது சேகைச் சுற்றியிருக்கும் வெளிர்நிறக் கட்டை, உளுக்கிறது. வண்டு தேடுவது வெளிறில் இருக்கும் மாவுச்சத்தை. வாகையிலும் பூவரசிலும் வெளிறு அகலம், சேகில் அந்த வண்டுக்குச் சாப்பாடு இல்லை. பச்சையாக இருக்கும்போதே வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்தால் மருந்து உள்ளே இறங்கும். ஆனால் அது தண்ணீரில் கரைந்து வெளியே வரக்கூடியது, சாப்பாட்டுச் சாமானுக்கு வேண்டாம். கரண்டிக்கும் தட்டுக்கும் வெளிறை அறுத்து எறிந்துவிடுவதே வழி. வெட்பாலை மாதிரி முழுக்க வெளுப்பான மரத்தை வெட்டிய உடனே பட்டை உரித்து, தாமதிக்காமல் காயவைக்க வேண்டும்.

கரண்டி, தோசைத் திருப்பி, வெட்டுக்கட்டைக்கு எது ஆகும், எது ஆகாது?

எட்டி ஆகவே ஆகாது, எவ்வளவு கனமாக, கரையான் தொடாததாக இருந்தாலும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அரளி இனங்களையும் தவிர்த்துவிடுங்கள். பெயர் உறுதியாகத் தெரியாத எந்தக் கட்டையையும் சமையலறைக்குச் செய்யாதீர்கள். பொரசு என்றும் இலங்கையில் முதிரை என்றும் சொல்கிற மரம் பட்டுப்போல மின்னும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மேசை நாற்காலிகளில் தனி மரியாதை பெற்றது. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும். வாகைத் தூளும் தும்மலைக் கிளப்பும். எந்த மரமானாலும் முகக்கவசம் போட்டு வேலை செய்யுங்கள்.

பூவரசு, வேம்பு, புளி, பலா ஆகியவை சமையலறைக்கு நம்பிக்கையானவை. கறிக்கடை வெட்டுக்கட்டைக்குப் புளி இன்றும் அசைக்க முடியாத ராஜா. கடைசிப் பூச்சுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போட்டால் நாள்பட்டுச் சிக்கு வாடை வரும். உணவுத்தரக் கனிம எண்ணெயோடு தேன்மெழுகு உருக்கிக் கலந்து தேய்ப்பதே பலரும் செய்வது.

வேங்கை டம்ளர்ல ராத்திரி தண்ணி ஊத்தி வச்சு குடிச்சா சர்க்கரை இறங்கும்னு போட்டு விக்கலாமா?

விற்கலாம், அப்படிப் போட்டு விற்கக் கூடாது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. அதைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். வேங்கையின் சாற்றை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோயாளிகளிடம் சோதனை நடத்தியது உண்மை. அது அளவு கட்டிக் கொடுத்த சாறு. ராத்திரி டம்ளரில் ஊறிய தண்ணீருக்கு அந்த முடிவைச் சொந்தம் கொண்டாட முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு டம்ளரைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

டம்ளரில் ஊறிய தண்ணீரை வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலம் ஒளிரும். அழகான பொருள், பழைய வழக்கம், நல்ல கடைசல். அதைச் சொல்லி விற்றாலே போதும்.

குழந்தைங்க பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்னு சொல்றாங்களே?

2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. கைவினை ஆணையரகத்தில் பதிந்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருள்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களைச் செய்யும் பதிவு பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அடையாள அட்டையை முதலில் வாங்குங்கள். விலக்கு இருந்தாலும் சாயம் கையில் ஒட்டக் கூடாது, குழந்தை விழுங்கும் அளவில் துண்டு கழன்றுவரக் கூடாது.

தேக்குன்னு சொன்னா கேக்காம வாங்குறாங்க. உசிலைன்னா மூஞ்சியச் சுளிக்கிறாங்க. தேக்கு நிறம் ஏத்தி வித்தா என்ன?

சாயம் ஏற்றிய நிமிடமே உங்கள் பொருள் மட்டமான தேக்காகிவிடுகிறது. அப்புறம் தேக்கு விலைக்குக் கீழேதான் பேரம் நடக்கும். மேலே இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான் இங்கேயும்: பெயரை வேலையோடு கட்டுங்கள். 'உசிலை மரப் பொருள்' என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. 'உசிலைச் சேகில் செய்த அரிவாள் பிடி, நனைந்தாலும் வழுக்காது' என்றால் வாங்குபவருக்குக் காரணம் கிடைக்கிறது. எந்த ஊர், எந்த வரப்பு, விழுந்த மரமா வெட்டிய மரமா என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். நகரத்தில் வாங்குபவர்கள் அந்தச் சீட்டைப் படிக்கிறார்கள். எழுதியது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனத்தில் சந்தேகம் இருந்தால் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குச் சின்னத் துண்டு அனுப்பிக் கட்டணம் கட்டினால் சொல்வார்கள். பெரிய ஆர்டர் எடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

கருங்காலி மாலைக்கு வந்த மாதிரி நம்ம மரத்துக்கும் ஒரு அலை வராதா?

வந்தால் ஓரமாக நில்லுங்கள். கருங்காலி மாலை மோகம் வந்ததும் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். கறுப்புச் சாயம் தோய்த்த எந்த மரமும் கருங்காலி ஆனது. கடைக்குக் கடை 'தண்ணீரில் போட்டுப் பாருங்கள்' என்று சோதனை சொன்னார்கள். வாங்கியவருக்கு நம்பிக்கை போனது, உண்மையான கட்டை வைத்திருந்தவருக்கும் கேள்விதான் மிஞ்சியது. அலையில் விற்பது ராசி; உலக்கைக்குக் கருங்காலி என்று நம் பாட்டிமார் கேட்டு வாங்கியது உறுதி. நான் இரண்டாவது வகைச் சந்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? ஆன்லைன்ல நல்ல விலை போகுதே.

முடித்த பொருளாக அனுப்பலாம். இந்திய மரத்தை உருட்டுக்கட்டையாகவோ அறுத்த மரமாகவோ ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. கிண்ணம் போகும், கிண்ணம் செய்வதற்கான கட்டை போகாது. தோதகத்தி சேர்ந்த பேரினம் முழுவதும் 2017-இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. முடித்த இசைக்கருவிகளுக்குப் பின்னால் சலுகை வந்தது. ஆகவே தோதகத்தித் துண்டு ஒன்றை அழகுக்காகப் பதிப்பதற்கு முன்பும் இன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் லேசி சட்டம் மர இனத்தின் அறிவியல் பெயரையும் நாட்டையும் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம், மரம் நின்ற நிலத்தின் புவியிடக் குறிப்பையே கேட்கும் வகையில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் தொடக்கத் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது. கைவினைப் பொருள் ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகம் மரத்தின் சட்டப்பூர்வ மூலத்துக்கு 'விருக்‌ஷ்' என்ற சான்று தருகிறது. வரப்பு மரக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு: பட்டா, மரம் நின்ற இடம், வெட்டிய நாள், போக்குவரத்துச் சீட்டு எல்லாம் கையில் இருக்கும். காட்டில் களவாக வெட்டிய மரத்துக்கு அது கிடையாது. பெட்டி மரமானால் அதையும் மறக்காதீர்கள், உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறிய முத்திரை இல்லாத மரப்பெட்டியைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

சந்தை வந்துட்டா காட்டுல இருக்கறதையும் வெட்டிடுவாங்களே? நீங்களே வழி காட்டுற மாதிரி ஆகாதா?

இந்தப் பக்கத்திலேயே நேர்மையான கேள்வி இதுதான். செம்மரத்துக்கு வெளிநாட்டு விலை வந்தபின் ஆந்திரத்தின் சேஷாசலம் மலைகளில் நடந்த கடத்தலை மறக்க முடியாது, அதில் கூலிக்குப் போய் உயிரை விட்டவர்களில் நம் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து ஆட்களும் உண்டு. வேங்கையும் பொரசும் ஏற்கெனவே பாதுகாப்பு அமைப்புகளின் கவலைப் பட்டியலில் இருக்கின்றன.

அதனால் எல்லா மரத்தையும் ஒரே மூச்சில் ஊக்குவிக்க நான் தயாரில்லை. பூவரசு, வாகை, வேம்பு, நாட்டுக் கருவேல், புளி ஊர் மரங்கள். இவற்றுக்கு விலை வந்தால் வரப்பில் அதிகம் நடுவார்கள். ஆச்சா, வேங்கை, பொரசு மூன்றையும் பழைய கட்டடத்திலிருந்து எடுத்தது, பட்டாவில் விழுந்தது என்றால் மட்டும் தொடுங்கள். வெட்பாலை நடுவில் நிற்கிறது. வேலியில் வளர்ப்பது எளிது, கரட்டில் போய் வெட்டுவது அதைவிட எளிது. வாங்குகிற பட்டறைக்காரர் சீட்டு கேட்டால்தான் இது நிற்கும். கேட்காமல் வாங்குபவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இல்லை.

இப்ப நட்டா எப்ப காசு பாக்கலாம்?

ஐந்தாறு வருடத்தில் காசு வேண்டும் என்றால் மலைவேம்பு, சவுக்கு பக்கம் போங்கள். அவை ஒட்டுப்பலகைக்கும் காகிதக் கூழுக்கும் போகிறவை. நாம் பேசுகிற மரங்களில் விலை சேகில் இருக்கிறது, சேகு அவசரத்தில் ஏறாது. வயல் முழுக்க நடாதீர்கள். வரப்பிலும் கிணற்றுமேட்டிலும் நட்டு, கீழ்க்கிளையைக் கழித்துத் தண்டை நேராக ஏற்றுங்கள். எட்டடி நேர்த்தண்டு கிடைத்தாலே வேலைமரம். நாற்றுக்குப் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நாற்றங்கால்களில் கேளுங்கள், நட்டதும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கல் என்கிற சாகுபடிப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். வெட்டும் நாளில் அந்தப் பதிவு பேசும்.

எங்கிட்ட ஆறு மரம்தான் இருக்கு. ஒரு கடைக்காரர் ஆயிரம் தோசைத் திருப்பி கேக்குறார். ஒத்துக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு திருப்பிக்கு 12 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் என்றால் ஒரு கன அடிப் பலகையில் 48 துண்டு. ஆயிரத்துக்கு 21 கன அடி காய்ந்த பலகை. அறுப்பதில் பாதி சேதாரம் என்று வைத்தால் உருட்டாக 42 கன அடி வேண்டும், மரக்கடைக் கணக்கில் 33. மூன்றாவது கேள்வியில் சொன்ன மாதிரி நாலடிச் சுற்றளவு மரம் பத்துக் கன அடி தந்தால், மூன்று மரத்துக்குக் கொஞ்சம் மேல். வெளிறையும் முடிச்சையும் கழித்தால் உங்கள் ஆறு மரமும் போய்விடும்.

கட்டை போதும் என்றே வைத்துக்கொள்வோம், காயும் காலம்? கடைக்காரர் தீபாவளிக்குக் கேட்டிருப்பார், மரம் இன்னும் வரப்பில் நின்றுகொண்டிருக்கும். இரண்டாவது ஆயிரத்துக்கு மரமே இருக்காது. இந்த மாதிரி ஆர்டரை இரண்டு விதமாக மாற்றிக் கேட்கலாம். ஒரே மரத்தில் ஆயிரம் என்பதற்குப் பதில் பூவரசு, வேம்பு, பலா மூன்றும் கலந்து, ஒவ்வொன்றிலும் மரத்தின் பெயரைச் சுட்டுப் பதித்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். நிறம் மாறுவதை முன்பே மாதிரி காட்டி எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். இல்லையென்றால் மாதம் நூறு என்று பேசுங்கள். இரண்டுக்கும் மறுத்து, ஒரே நிறத்தில் ஒரே மாதத்தில் ஆயிரம்தான் வேண்டும் என்பவருக்கு ரப்பர் மரம் இருக்கிறது. அவரை அங்கே அனுப்பிவிட்டு, காய்ந்த கட்டை எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் முன்பணம் வாங்குங்கள்.